அண்ணனைத் தம்பி என்பர்

சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். திருப்பூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் நானும் என் அண்ணனும் நகரப் பேருந்தில் ஏறினோம். நடத்துநர் என்னிடம் வந்து, "உங்களுக்கு எங்கீங்க?" என்று கேட்டுச் சீட்டுக் கொடுத்தார். பிறகு பக்கத்தில் நின்ற அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் என்னிடமே திரும்பி, "தம்பி எங்க எறங்குது?" என்றார்.

அண்ணனுக்கு வயது 27. எனக்கு 20.

நடத்துநர் கெட்டவர் அல்லர். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்த மூன்று சொற்களில் மூன்று தவறுகள் இருந்தன. மூத்தவரை இளையவர் ஆக்கினார், அது ஒன்று. அவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார், அது இரண்டு. "இறங்குகிறார்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "எறங்குது" என்றார், அது மூன்று. நம் மொழியில் குழந்தைகளை அஃறிணையில் பேசுவது கொஞ்சலாகக் கருதப்படுகிறது. "பாப்பா தூங்குது", "தம்பி சாப்பிட்டுதா" என்கிறோம். அதே கொஞ்சல் 27 வயது ஆண்மகன்மேல் வந்து விழும்போது, அவருடைய ஏழாண்டு மூப்பு மட்டுமன்றி உயர்திணையும் சேர்ந்து பறிபோகிறது.

என் அண்ணன் ஆட்டிசம் உள்ளவர். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலரையும் உலகம் இவ்வாறே வயது குறைத்துக் காண்கிறது. அது ஏன், அதனால் விளைவது என்ன, நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை நான் படித்தறிந்த அளவிலும் எங்கள் வீட்டில் கண்ட அளவிலும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் ஒரு நோய் அன்று. மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறை, ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை உணரும் முறை, ஒரே செயலில் ஊன்றி நிற்கும் தன்மை ஆகியவற்றில் இவ்வேறுபாடு தெரியும். சிலர் நன்றாகப் பேசுவர். சிலர் பேசவே மாட்டார். சிலருக்கு உதவி சிறிது போதும். சிலருக்கு நாள் முழுதும் உதவி வேண்டும். எவ்வகையினராயினும் இது வாழ்நாள் முழுதும் உடன்வருவது.

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் இடம்பெற்றது அவ்வுரையால்தான். தொடக்கமே குழந்தைகளைக் கொண்டு அமைந்தமையால், பெயரிலும் குழந்தை ஒட்டிக்கொண்டது. 1980ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேட்டில் இதன் பெயர் 'குழந்தைப் பருவ ஆட்டிசம்' என்றே இருந்தது. 1987இல்தான் அப்பெயரிலிருந்து குழந்தை நீங்கியது. பெயரிலிருந்து நீங்கியதே ஒழிய, மக்கள் மனத்திலிருந்து இன்னும் நீங்கவில்லை.

கானர் கண்ட 11 குழந்தைகளுள் முதலாமவர் டொனால்ட் டிரிப்ளெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். மருத்துவ நூல்களில் அவர் என்றும் ஐந்து வயதுச் சிறுவனாகவே நிற்கிறார். உண்மையில் அவர் வளர்ந்தார். 1958இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் வேலை பார்த்தார். 27ஆம் வயதில் கார் ஓட்டக் கற்றார். கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளுக்குச் சென்று வந்தார். 2023ஆம் ஆண்டு தம் 89ஆம் வயதில் காலமானார். 18ஆம் வயது முதல் கணக்கிட்டால், 70 ஆண்டுகளுக்கு மேல் அவர் பெரியவராக வாழ்ந்திருக்கிறார். இங்கு ஒன்றையும் மறைக்கலாகாது. அந்த வங்கி அவர் குடும்பத்துக்குச் சொந்தமானது. ஊர் முழுதும் அவரை அறிந்து ஏற்றுக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகனுக்கு அத்தகைய வங்கி ஏது?

1971இல் கானர் அந்தப் 11 பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து மீண்டும் எழுதினார். பெரிய விடுதிகளில் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்திருந்தார்கள். மனிதரோடு மனிதராக வேலையும் பொறுப்பும் பெற்றவர்கள் வளர்ந்திருந்தார்கள். பெரியவராக நடத்தினால் பெரியவர் ஆவர் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

முகத்தில் அடையாளம் உண்டா?

நம் நாட்டில் ஆட்டிசத்தை அளந்து சான்றிதழ் வழங்குவதற்கு 'இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல்' என ஒன்று உண்டு. அதில் 40 இனங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்பர். 70 முதல் 106 வரை இலேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது. சமூக உறவு, உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலனுணர்வு, அறிவாற்றல் என்னும் ஆறு பிரிவுகளில் அந்த 40 இனங்களும் அடங்கும். அவற்றுள் ஒன்றுகூட உயரத்தையோ, தாடி மீசையையோ, முக வடிவத்தையோ பற்றியது அன்று. அனைத்தும் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தையும் உணரும் விதத்தையும் பற்றியவை.

அப்படியானால் என் அண்ணனுக்கு வயது குறைவு என்று கண்டக்டரின் கண்ணுக்குச் சொன்னது எது?

விலங்கியல் மாணவன் என்ற முறையில் முதலில் உடலைப் பற்றி ஒரு சொல். வயதை உடலில் கண்டறிய விரும்பும் மருத்துவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பல்லையும் எலும்பையும் பார்க்கிறார். நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள குருத்தெலும்பு, வளர்ச்சி முடியும்போது எலும்பாக மாறி ஒட்டிக்கொள்ளும். எந்த மூட்டு எந்த வயதில் ஒட்டும் என்பதற்குப் பட்டியல் உண்டு. கழுத்துப்பட்டை எலும்பின் உள்முனை எல்லாவற்றிலும் பிந்தி, இருபதுகளின் நடுவில் ஒட்டுகிறது. எக்ஸ்ரே எடுத்து இவ்வளவும் பார்த்த பிறகும், சொன்ன வயது இரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம் என்றே மருத்துவர் எழுதுகிறார். எக்ஸ்ரேயின் நிலைமை இதுவென்றால், ஓடுகிற பேருந்தில் ஒரு கணம் பார்த்த கண்ணின் நிலைமை எம்மாத்திரம்!

ஆனாலும் கண் தயங்குவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. கானரின் உரை வெளிவந்த அதே 1943இல், விலங்குகளின் இயல்பை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். பெரிய தலை, பெரிய கண், உருண்ட கன்னம் ஆகியவற்றைக் கண்டதும் மனித மனம் தானாகவே இளகி, 'இது குழந்தை. பேணத்தக்கது' என்று எண்ணுகிறது. நாய்க்குட்டியைக் கண்டாலும் நமக்கு அப்படித்தான். பின்னாளில் அமெரிக்காவில் லெஸ்லி செப்ரோவிட்ஸ் என்னும் உளவியலார், குழந்தை முகம் உள்ள பெரியவர்களை மக்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அப்படிப்பட்டவர்களை வெகுளிகள், வலுவற்றவர்கள், சொன்னதைக் கேட்பவர்கள் என்று பிறர் கருதிவிடுகிறார்கள். அவர்களை அறிந்து அல்ல, முகத்தை மட்டும் கண்டு.

முகத்தோடு பிற குறிகளும் சேர்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களின் முகபாவம் மற்றவர்களுடையதைப் போல அடிக்கடி மாறுவதில்லை. அல்லது வேறு நேரத்தில் மாறுகிறது. குரலின் ஏற்ற இறக்கம் வேறாக இருக்கிறது. பேசுபவரின் கண்ணைப் பார்ப்பது பலருக்குத் துன்பம். நாமோ 'பெரிய மனிதத் தோரணை' என்று ஒன்றை வைத்திருக்கிறோம். நிற்கிற நிலை, செருமுகிற செருமல், மீசை, மடித்துக் கட்டிய வேட்டி எல்லாம் அதில் அடக்கம். அத்தோரணை இல்லாதவரைச் சின்னவர் என்று கழித்துவிடுகிறோம்.

என் அண்ணனையே எடுத்துக்கொள்வோம். மீசை முளைத்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று நாள்தோறும் மழித்துவிடுவார். காலர் வைத்த சட்டை கழுத்தை அறுக்கும். ஆகையால் எப்போதும் வட்டக்கழுத்து டீ-சர்ட்தான். அதிலும் கழுத்து லேபிளை வெட்டி எடுத்த பிறகே போடுவார். (இப்போது லேபிள் தைக்காமல், சூட்டினால் அச்சுப் பதிக்கும் முறை நம்மூரிலேயே வந்துவிட்டது. அந்த டீ-சர்ட்டைக் கண்டுபிடித்தவர் என் அண்ணனைப் போன்ற ஒருவரின் உறவினராக இருப்பாரோ என்று நான் எண்ணுவதுண்டு.) கூட்டத்தில் அம்மாவின் முந்தானையை ஒட்டி நடப்பார். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சாதாரணம். நான்கையும் ஒன்றாகக் கண்ட கண் கூட்டிப் பார்த்து, விடை 15 என்று சொல்லிவிடுகிறது.

2017இல் அமெரிக்காவில் நோவா சாசன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆராய்ச்சி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் இல்லாதவர்களும் பேசிய சில விநாடிக் காட்சிகளை முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றி உடனடியாகத் தாழ்ந்த எண்ணம் ஏற்பட்டது. அவர்கள் அருகில் அமரவும் பேசவும் பலர் விரும்பவில்லை. பிறகு படமும் குரலும் இல்லாமல், அவர்கள் பேசிய சொற்களை மட்டும் எழுத்தில் கொடுத்தார்கள். வேறுபாடு மறைந்துவிட்டது! சொன்ன சேதியில் குறையில்லை. பார்த்தவரின் பார்வையில்தான் குறை என்பது இதனால் விளங்குகிறது.

இதற்கு எங்கள் வீட்டுச் சான்று ஒன்று. அண்ணன் வேலை செய்த இடத்தில் பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். தமிழ் அறியாதவர், 22 வயது. அண்ணனின் பேச்சு அவருக்கு விளங்காது. ஆதலால் அதன் ஏற்ற இறக்கத்தை வைத்து எடை போடவும் அவரால் முடியாது. அவர் கண்டது வேலையை மட்டுமே. அந்தக் கம்பெனியிலேயே என் அண்ணனை "பையா" என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான். இந்தியில் அச்சொல்லுக்கு 'அண்ணா' என்று பொருள்.

மனவயது என்னும் மயக்கம்

"உடம்புக்கு 27 ஆனாலும் மனசுக்கு ஏழு வயசுதானுங்க" என்று உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறினார். இது படித்தவர்களும் சொல்லும் சொல்லே. இது வந்த வழியை அறிவது நன்று.

1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சைமன் என்னும் இருவர், பள்ளியில் கூடுதல் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய ஒரு சோதனை அமைத்தனர். 1908இல் அக்கேள்விகளை வயது வாரியாக அடுக்கினர். ஏழு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலோர் விடை கூறும் கேள்விகள் ஏழாம் படி, இவ்வாறே பிறவும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட அளவுகோல் அது. ஒருவர் ஏழாம் படியில் நிற்கிறார் என்றால், அந்தக் கேள்விகளில் அந்த அளவு விடை சொன்னார் என்பதே பொருள். அவர் ஏழு வயதுக் குழந்தை என்பது பொருள் அன்று.

திருப்பூர்க்காரர்களுக்கு ஓர் உவமையால் இதை விளக்கலாம். நூலுக்குக் கவுண்ட் என்று ஓர் அளவு உண்டு. 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்குமோ அதுவே கவுண்ட். 20ஆம் கவுண்ட்டைவிட 40ஆம் கவுண்ட் மெல்லிய நூல். துணிக்கு வேறோர் அளவு உண்டு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்னும் ஜி.எஸ்.எம். இரண்டும் மெய்யான அளவுகளே. ஆனால் ஜி.எஸ்.எம்.மை மட்டும் கேட்டுக்கொண்டு, நூல் இன்ன கவுண்ட் என்று ஒருவர் சாதித்தால் எந்த நிட்டிங் மாஸ்டரும் சிரிப்பார். ஒன்றை அளந்து இன்னொன்றைச் சொல்லலாகாது.

ஆட்டிசம் உள்ளவரிடம் இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகும். திறமைகள் அவரிடம் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. என் அண்ணன் ஒரு பனியனில் ஊசிக்கோடு, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்து வைப்பார். பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களும் அவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பார்கள். ஆனால் தொலைபேசி மணி அடித்தால் எடுக்கத் திணறுவார். இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் மனிதர் எங்குமே இல்லாதவர். (ஆட்டிசம் உள்ள அனைவர்க்கும் இத்தகைய தனித்திறன் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இருந்தால்தான் மதிப்பு என்பதும் இல்லை.)

சரி, பேசவும் இயலாது, உண்ணவும் குளிக்கவும் பிறர் உதவி வேண்டும் என்னும் நிலையில் உள்ளவர்? அவரும் வயதில் பெரியவரே. படுக்கையில் கிடக்கும் பாட்டனாருக்குக் கஞ்சி ஊட்டுகிறோம். அதற்காக அவரைப் பேரன் என்று யாரும் அழைப்பதில்லை. உதவி தேவைப்படுவது வேறு; வயது குறைவது வேறு.

கம்பெனி வாசலில்

நடத்துநர் சொன்ன ஒரு சொல்லுக்கு இத்தனை விரிவுரையா என்று நண்பர்கள் கேட்கலாம். சொல்லோடு நின்றிருந்தால் நான் எழுதியிரேன். வயது குறைந்து தெரிந்தமையால் என் அண்ணன் வேலையை இழந்தார்.

திருப்பூரிலிருந்து வெளிநாட்டுக்குத் துணி போகிறது. வாங்குபவர்களின் சார்பில் தணிக்கையாளர்கள் வந்து, தொழிற்சாலையில் சிறுவர்கள் வேலை செய்கிறார்களா என்று பார்க்கிறார்கள். இது நல்ல ஏற்பாடே. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரையுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பனியன் கம்பெனிக்குப் போனவர் என் தந்தையார். அந்தச் சட்டத்தின் அருமையை எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அண்ணன் செக்கிங் பிரிவில் வேலை செய்த கம்பெனியில், தணிக்கை என்றால் முதல் நாளே அவரை அழைத்து, "தம்பி, நாளைக்கு லீவு எடுத்துக்கோ" என்றார்கள். பார்ப்பதற்குச் சிறுவன்போல் இருக்கிறார். வருகிறவர் கேள்வி கேட்டால் தொல்லை. ஆர்டர் போனால் நூறு குடும்பத்துச் சோறு போகும் என்பது அவர்கள் அச்சம். முதல்முறை ஒரு நாள் கூலி போயிற்று. இரண்டாம் முறை இரண்டு நாள். மூன்றாம் முறை, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். என் அண்ணன் சொன்ன சொல்லைச் சொன்னபடியே நம்புகிறவர். நான்கு மாதம் தினமும் காலை ஏழரை மணிக்குக் குளித்து, டிபன் டப்பாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். சொல்லி அனுப்ப யாரும் வரவில்லை.

அந்நாட்களில்தான் நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. தாள் என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அதே குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஒருவரின் வயதைப் பற்றி ஆய்வாளருக்கும் உரிமையாளருக்கும் ஐயம் எழுந்து, வயதுச் சான்றும் இல்லையானால், அதை மருத்துவ அதிகாரியின் முடிவுக்கு விட வேண்டும் என்கிறது. முகத்தைப் பார்த்து முடிவு செய்யச் சட்டம் இடந்தரவில்லை. குழந்தையைக் காக்க ஏற்பட்ட விதியைக் கொண்டு, குழந்தை அல்லாத ஒருவரை வெளியே தள்ளியவை அச்சமும் அறியாமையுமே.

பிறகு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே பணியாளர் பிரிவில் இருந்த அம்மையார் அண்ணனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை முதல் நாளே கோப்பில் வைத்துவிட்டார். தணிக்கையாளர் வந்து அண்ணனைச் சுட்டிக்காட்டி வயது கேட்டபோது, அவர் கோப்பைத் திறக்கும் முன், "அவரையே கேளுங்க" என்றார். அண்ணன் தாம் பிறந்த ஆண்டு, மாதம், தேதி, கிழமை வரை சொல்லி, தணிக்கையாளரின் பிறந்த தேதியையும் கேட்டு அதற்கும் கிழமை சொன்னாராம். தணிக்கை முடிந்தது. ஒருவர் வேலையைக் காக்க மூன்று நகல்களும் ஒரு சொல்லும் போதுமாயிருந்தன.

சட்டம் காணும் வயது

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகை குறைபாடுகளே இருந்தன, ஆட்டிசத்துக்கு இடமில்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமாகச் சட்டத் தகுதி உண்டு என்கிறது. உதவி தேவைப்படுவோருக்கு 14ஆம் பிரிவு கூறும் பாதுகாவலர்கூட, அவரைக் கலந்து அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவரே. அவருக்குப் பதிலாக ஆள்பவர் அல்லர். அரசு வேலையில் 4 விழுக்காடும், அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடும் குறிப்பிட்ட அளவுக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பதும் அச்சட்டமே.

சட்டத்துக்குத் தெரிந்த இந்த வயது ஊருக்குத் தெரிவதில்லை. 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு அது முதல் வாக்கு. அண்ணனுக்கு முதலாவது அன்று. வரிசையில் நின்ற அவரை, "சின்னப் பசங்க இங்க நிக்கக் கூடாது" என்று ஒருவர் விலக்கப் பார்த்தார். அண்ணன் ஒன்றும் பேசாமல் வாக்காளர் அட்டையை நீட்டினார். எனக்கு முன்பே மையோடு வெளியே வந்தார்.

குழந்தை என்று எண்ணிவிட்டால் மறைப்பதும் எளிதாகிறது. எங்கள் பாட்டி இறந்தபோது, "அவனுக்கு என்ன தெரியும், பயந்துக்குவான்" என்று அண்ணனை உறவினர் வீட்டில் விட்டுவிட்டோம். பாட்டி எங்கே என்று அவர் ஓராண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மூத்த பேரனுக்குரிய நெய்ப்பந்தம் பிடிக்கும் உரிமையை நான் செய்தேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

பெரியவர்கள் எங்கே?

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஆட்டிசம் பற்றிய பொதுப் படிமங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆட்டிசச் சங்கக் கிளைகள் தம் பக்கங்களில் காட்டியவற்றுள் 95 விழுக்காடு குழந்தைகள்; புனைகதைகளில் 90 விழுக்காடு குழந்தைகள். ஆனால் இங்கிலாந்தில் 2007இல் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் எனத் தெரிந்தது. வயது ஏற ஏற அது குறைந்துவிடவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குக் கூறும் கணக்கு 127 பேரில் ஒருவர். அச்சராசரியை வைத்துப் பார்த்தால், 2,000 பேர் பயிலும் ஒரு கல்லூரியில் ஏறத்தாழ 16 பேர் இருக்கலாம். அவர்களுள் பலர் தமக்கே தெரியாமல், 'ஒரு மாதிரி', 'வெள்ளந்தி' என்று பெயர் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருப்பர். என் அண்ணனுக்கே 19 வயதில்தான் அது இன்னதென்று தெரிந்தது.

நாம் செய்யத்தக்கவை

அவரைப் பற்றிய கேள்வியை அவரிடமே கேட்போம். இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலியில் 1977 முதல் 1998 வரை மாற்றுத்திறனாளிகளுக்கான நிகழ்ச்சி ஒன்று வந்தது. அதன் பெயரே 'அவர் சர்க்கரை போட்டுக்கொள்வாரா?' என்பதாகும். தேநீர் குடிப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் வழக்கத்தை இடித்துரைக்கவே அப்பெயர். கேட்ட பிறகு விடைக்குக் காத்திருப்போம்; சற்று நேரமாகும், அவ்வளவே. கன்னத்தைக் கிள்ளுவதும் தலையைத் தடவுவதும் வேண்டா. சிலருக்கு அது சுடுவதுபோல் இருக்கும். வயது ஐயமாயின் அட்டையைப் பார்ப்போம். வீட்டுச் செய்தியை, நல்லதாயினும் கெட்டதாயினும், எளிய சொற்களில் சொல்லிவிடுவோம்.

இதையெல்லாம் நான் முன்பே அறிந்தவன் அல்லேன். சான்றிதழ் புதுப்பிக்கச் சென்ற அன்று, மருத்துவர் அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "எந்த வேலைன்னாலும் செய்வானுங்க" என்றேன். மருத்துவர் கையமர்த்தினார். "நான் உங்களைக் கேட்கலையே" என்றார். அறையில் அமைதி. மின்விசிறி சுற்றும் ஒலி கேட்டது. அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "பேக்கிங் வேண்டாம். அங்க டேப் ஒட்டற சத்தம். செக்கிங் வேணும்" என்றார். அவருக்குப் பேக்கிங் பிடிக்காது என்பது, ஒரே அறையில் படுத்துறங்கும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நம் கொங்கு நாட்டில் பால் குடிக்கும் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்போம். 'ங்க' போடாமல் பேசத் தெரியாதவர்கள் என்று மற்ற ஊரார் நம்மைக் கேலி செய்வர். அந்த ஊரில் பிறந்து, என்னைவிட ஏழாண்டு மூத்தவரை நானே "வா, போ" என்றும், பிறரிடம் "அவன்" என்றும் சொல்லி வந்திருக்கிறேன். நடத்துநருக்கு முன்னால் தவறு செய்தவன் நானே. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, "அண்ணா, வாங்க போகலாம்" என்றேன். நின்றார். "ஏன் வாங்க?" என்று கேட்டார். "நீங்க எனக்கு மூத்தவருங்க, அதனாலதான்" என்றேன். சற்று எண்ணிப் பார்த்து, "ஆமா. ஏழு வருசம் நாலு மாசம்" என்றார். பிறகு எனக்கு முன்னால் நடந்தார்.

சலுகைகள் வேண்டும், சான்றிதழ்கள் வேண்டும், சட்டமும் வேண்டும். அவை வர நாளாகும். ஆனால் செலவில்லாமல் இன்றே நாம் ஒவ்வொருவரும் தரக்கூடியது ஒன்று உண்டு. எல்லோர்க்கும் தரும் அந்த 'ங்க'வை இவர்களுக்கும் தருவோமாக.